பாதி வழியில் நிற்கும் பழைய கம்ப்யூட்டர்

பொத்தானை அழுத்தியதும் பச்சை விளக்கு எரிகிறது. உள்ளே விசிறி சுழலும் சத்தம் கேட்கிறது. திரையில் கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்தில் வந்து நிற்கிறது. அவ்வளவுதான்! அதற்கு மேல் நகர மறுக்கிறது யந்திரம். ஐந்து நிமிடம் பொறுத்தாலும் அதே படம். அரை மணி பொறுத்தாலும் அதே படம். கீபோர்டைத் தட்டினால் பதில் இல்லை. மவுஸை உருட்டினால் அம்பு அசைவதில்லை. வாடிக்கையாளரை உட்காரச் சொல்லிவிட்டு இந்தப் படத்தையே வெறித்துக்கொண்டிருப்பவரின் பாடு, அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

பழையவர்கள் இன்னும் ‘பம்பாய் ரோடு’ என்றே சொல்லும் 65-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், ஐதராபாத்தின் வடமேற்கு ஓரத்தில் இருக்கிறது பட்டான்செரு. 1972-இல் தொடங்கப்பட்ட இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிலையத்தால் உலகம் அறிந்த ஊர். பக்கத்திலேயே ராமச்சந்திராபுரத்தில் ‘பெல்’ தொழிற்சாலை. மேற்கே போனால் பாஷாமைலாரம் தொழிற்பேட்டை. வேலை தேடி வந்து இங்கேயே வேரூன்றிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் உண்டு. பெரிய ஆலைகளில் எல்லாம் புத்தம் புதிய யந்திரங்கள் வந்துவிட்டன. ஆனால் பெரிய ஆலைகளைச் சுற்றிப் பிழைக்கும் சின்ன இடங்கள் இருக்கின்றனவே - லாரி எடை மேடை, லாரி புக்கிங் ஆபீஸ், மருந்துக் கடை, பட்டறைக் கணக்கர் அறை, அழைப்பிதழ் அச்சடிக்கும் டி.டி.பி. கடை - இங்கெல்லாம் பத்துப் பதினைந்து வயதான கம்ப்யூட்டர்கள் இன்றைக்கும் உழைத்துக்கொண்டிருக்கின்றன.

‘புதிதாக ஒன்று வாங்கிவிட்டால் போகிறது’ என்று சொல்வது எளிது. எடை மேடைக்காரரைக் கேட்டால் வேறு கதை சொல்வார். மேடையின் எடை காட்டும் கருவி, ஒன்பது முள் கொண்ட சீரியல் போர்ட் வழியாகத்தான் கம்ப்யூட்டரோடு பேசும். புதிய யந்திரங்கள் பலவற்றில் அந்த போர்ட்டே கிடையாது. மாற்றுக் கேபிள் கிடைக்கிறது. ஆனால் பழைய எடை புரோகிராம் அதை ஏற்குமா என்பது தனிப் பிரசினை. ரசீது அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கும் இதே கதிதான். ஆகவே பழையதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியிருக்கிறது. அந்தப் பழையது ஒரு நாள் காலை பாதி வழியில் நின்றால், மேடைக்கு வெளியே லாரிகள் வரிசை கட்டுகின்றன.

இந்த நேரத்தில் வருகிற மெக்கானிக்குகள் பலர் சொல்லும் தீர்ப்பு இரண்டே இரண்டு. ஒன்று, ‘போர்டு போயிடுச்சு’. மற்றொன்று, ‘ஃபார்மேட் பண்ணணும்’. முதல் தீர்ப்பு பணத்தைத் தின்னும். இரண்டாவது தீர்ப்பு, அவசரப்பட்டால், அதைவிடப் பெரியதையே தின்றுவிடும். உண்மையில் கம்ப்யூட்டர் எங்கே வந்து நிற்கிறது என்பதைச் சற்றுக் கவனித்தால், நோய் எது என்பதில் பாதி தெரிந்துவிடும்.

அந்த அரை நிமிடத்தில் நடப்பது என்ன?

கம்ப்யூட்டர் ஐதராபாத்துக்குப் புது விருந்தாளி அல்ல. இந்தியாவிலேயே தயாராகி விற்பனைக்கு வந்த முதல் கம்ப்யூட்டரான டி.டி.சி.-12, இதே நகரத்தின் ஈ.சி.ஐ.எல். நிறுவனத்திலிருந்து 1969-இல் வெளிவந்தது. அந்தக் காலத்துச் சிறு கம்ப்யூட்டர்கள் பலவற்றுக்குத் தாமாக விழித்துக்கொள்ளத் தெரியாது. முன்பக்கத்தில் உள்ள சுவிட்சுகளை ஒவ்வொன்றாக மேலும் கீழும் தள்ளி, முதல் சில கட்டளைகளை மனிதனே ஊட்ட வேண்டும். அதன் பிறகுதான் அது மீதியைத் தானே படித்துக்கொள்ளும். இன்றைக்கு அந்த வேலையை மதர்போர்டில் உள்ள ஒரு சிறு சில்லு செய்கிறது. அதில் குடியிருக்கும் புரோகிராமுக்கு பயாஸ் என்று பெயர்.

பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது எஸ்.எம்.பி.எஸ். என்கிற மின்சாரப் பெட்டி. வீட்டு மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டுகளாகப் பிரித்துத் தருவது அதன் வேலை. மூன்றும் சரியான அளவுக்கு வந்துவிட்டன என்று அது ஒரு சைகை கொடுக்க வேண்டும். அதன் பிறகே மதர்போர்டு வேலை தொடங்கும். அடுத்து பயாஸ் ஒவ்வோர் உறுப்பாகப் பெயர் கூப்பிட்டு வருகைப் பதிவு எடுக்கிறது - ராம் இருக்கிறதா, திரை இருக்கிறதா, கீபோர்டு, ஹார்டு டிஸ்க்? இந்தக் கட்டத்தில்தான் கம்பெனியின் பெயர் திரையில் நிற்கும். பிறகு பயாஸ், ஹார்டு டிஸ்கின் குறிப்பிட்ட இடத்திலிருந்து விண்டோஸின் முதல் கட்டளைகளைப் படித்துப் பொறுப்பை ஒப்படைத்துவிடுகிறது. அதற்கு மேல் நடப்பதெல்லாம் விண்டோஸின் பாடு.

ஆக, திரையே வராமல் நிற்கிறதா, கம்பெனிப் பெயரோடு நிற்கிறதா, விண்டோஸ் படத்தில் நிற்கிறதா, அல்லது எல்லாம் வந்த பிறகு நிற்கிறதா? இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவரிடம் எந்த மெக்கானிக்கும் கொஞ்சம் மரியாதையோடுதான் பேசுவார்!

திரையே வரவில்லை, விசிறி மட்டும் சுழல்கிறது, உள்ளிருந்து ‘பீப்... பீப்...’ என்று சத்தம் வருகிறது என்றால், பெரும்பாலும் ராம் அட்டையின் கோளாறு. பீப் சத்தத்தின் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும்; ஆனால் விடாமல் கத்தினால் முதலில் பார்க்க வேண்டியது ராமைத்தான். அதன் பொன்முலாம் பூசிய பற்களில் தூசும் ஈரமும் படிந்து தொடர்பு விட்டுப்போயிருக்கும். மின்சாரப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் வெற்று உலோகத்தை ஒரு தடவை தொட்டுவிட்டு - உடம்பில் தங்கும் நிலைமின்சாரம் ராமைக் கொன்றுவிடக்கூடும் - அட்டையைக் கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் பற்களை மெல்லத் தேய்த்து, மீண்டும் ‘டக்’ என்று சத்தம் வரும்படி பொருத்த வேண்டும். இரண்டு அட்டைகள் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்து ஓட்டிப் பார்க்கலாம். பாதி நோயாளிகள் இதிலேயே எழுந்து உட்கார்ந்துவிடுவதுண்டு.

கம்பெனிப் பெயரோடு நின்றால், பெயர் கூப்பிட்ட இடத்தில் யாரோ ‘உள்ளேன்’ சொல்லவில்லை என்று பொருள். பயாஸ் காத்துக்கொண்டிருக்கிறது. பிரிண்டர், பென் டிரைவ், இன்டர்நெட் கேபிள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட வேண்டும். கீபோர்டும் திரையும் போதும். பல சமயம் பின்பக்கத்தில் யாரோ மறந்து செருகி வைத்த பென் டிரைவ்தான் வில்லன்! அதிலும் சரியாகவில்லை என்றால் சி.டி. டிரைவின் கேபிளைக் கழற்றலாம். கடைசியில் ஹார்டு டிஸ்கின் கேபிளையும் கழற்றிப் பார்க்க வேண்டும். டிஸ்கைக் கழற்றியதும் பயாஸ் மேலே நகர்ந்து ‘டிஸ்க் இல்லை’ என்று முறையிட்டால், குற்றவாளி டிஸ்க் அல்லது அதன் கேபிள். கேபிள் என்றால் செலவு அற்பம்.

வெல்டிங்கும் கரப்பானும்

தொழிற்பேட்டைக்கென்றே உரிய நோய்கள் சில உண்டு. ஒரு பட்டறையின் கணக்கு யந்திரம் காலை எட்டு மணிக்குப் போட்டால் ஒழுங்காக எழுந்துவிடும். பத்து மணிக்குப் போட்டால் நின்றுவிடும். மெக்கானிக்குகள் மாறி மாறி வந்தார்கள்; ராம் மாறியது, விண்டோஸ் மாறியது, நோய் மாறவில்லை. கடைசியில் பார்த்தால், ஒரே மின் இணைப்பில் அடுத்த ஷெட்டின் வெல்டிங் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வெல்டிங் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் வோல்டேஜ் தாழ்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் அதை ஒருவாறு தாங்கிக்கொள்ளும். ஆனால் விழித்தெழும் நொடிகளில் டிஸ்க், விசிறி எல்லாம் ஒரே நேரத்தில் மின்சாரம் கேட்கும்போது, வயதான எஸ்.எம்.பி.எஸ். தள்ளாடிவிடுகிறது. யு.பி.எஸ். இருக்கிறதே என்றால், அதன் பாட்டரி எப்போதோ செத்துப்போய், வெறும் அலங்காரமாக உட்கார்ந்திருந்தது.

கரப்பான் பூச்சிக்கும் பல்லிக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் சூடு ரொம்பப் பிடிக்கும். லாரிகள் கிளப்பும் தூசு விசிறி வழியாக உள்ளே போய், பிராசசரின் தலையில் உள்ள அலுமினிய இறகுகளுக்கிடையே கம்பளிபோல் படிந்துவிடும். இதற்கெல்லாம் வைத்தியம் ஒரு பெயிண்ட் பிரஷ்ஷும் பத்து நிமிடமும்தான். ஆனால் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் வீட்டில் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். ஆளைத் தூக்கி எறிந்துவிடும்.

கெபாசிட்டர் என்றதும் ஒரு பழைய விவகாரம். 1999 முதல் 2007 வரையிலான ஆண்டுகளில் தயாரான ஏராளமான மதர்போர்டுகளில், உள்ளே ஊற்றிய திரவம் சரியில்லாத கெபாசிட்டர்கள் புகுந்துவிட்டன. பெரும்பாலும் தைவான் சரக்கு. அவை சில ஆண்டுகளில் தலை வீங்கி, பழுப்பு நிறத்தில் கசியத் தொடங்கின. காலையில் நாலைந்து தடவை போட்டால்தான் எழும், சூடேறிய பிறகு சரியாக ஓடும் என்ற குணம் இந்த நோயின் அடையாளம். டெல் கம்பெனி மட்டும் 2003 மே முதல் 2005 ஜூலை வரை இந்த அபாயத்துக்கு ஆளான 1 கோடியே 18 லட்சம் கம்ப்யூட்டர்களையாவது அனுப்பியிருந்தது என்று அமெரிக்க வழக்கு ஒன்றின் ஆவணங்கள் மூலம் 2010-இல் தெரியவந்தது. மதர்போர்டில் நிற்கும் குட்டி உருளைகளின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தால் அதுதான் விஷயம். ஈயப்பற்று வைக்கத் தெரிந்த பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவர் கிடைத்தால் நான்கைந்து கெபாசிட்டரை மாற்றித் தந்துவிடுவார். செகந்திராபாத் பார்க் லேனில், செனாய் டிரேட் சென்டர் பக்கம் தேடினால் இப்படிப்பட்ட கை கிடைக்கும்.

நாணயம் அளவில் ஒரு வில்லன்

எல்லாவற்றிலும் மலிவான நோய்தான் அதிகம் ஏமாற்றுகிறது. மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிது கனமான வட்டப் பாட்டரி ஒன்று உண்டு. சி.ஆர்.2032 என்று அதன் முகத்திலேயே எழுதியிருக்கும், 3 வோல்ட். மின்சாரம் இல்லாத நேரத்திலும் கடிகாரத்தை ஓட்டுவதும், பயாஸில் செய்த ஏற்பாடுகளை நினைவில் வைத்திருப்பதும் அது தரும் மின்சாரம்தான். நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் இந்தப் பாட்டரி சில ஆண்டுகளில் தீர்ந்துபோகிறது. அன்று முதல் கம்ப்யூட்டருக்கு மறதி நோய். இரவு அணைத்தால் காலையில் தேதி பத்து வருடம் பின்னால் இருக்கும். எடை மேடை ரசீதில் பழைய தேதி விழுந்தால் ஆலை வாசலில் லாரியை உள்ளே விடமாட்டார்கள். ஆனால் தேதியோடு போனால் பரவாயில்லையே!

ராமச்சந்திராபுரம் பக்கம் தமிழில் அழைப்பிதழ் அடித்துத் தரும் ஒரு டி.டி.பி. கடையில் நடந்தது இது. கடைக்காரருக்கு அறுபதைத் தாண்டிய வயது. வளைகாப்பு, காதணி விழா, ஐயப்பன் பூஜை நோட்டீஸ், கருமாதிக் கடிதம் என்று வட்டாரத் தமிழர்களுக்கு எல்லாம் அவர் கைதான். யந்திரம் 2010-இல் வாங்கியது. உள்ளே விண்டோஸ் எக்ஸ்.பி., பேஜ்மேக்கர், டைப்ரைட்டர் முறையில் அடிக்கும் பழைய தமிழ் எழுத்துக்கள். அதற்கு முந்திய யந்திரத்திலிருந்து கொண்டுவந்தவையும் சேர்த்து இருபது ஆண்டுச் சரக்கு அதில் இருந்தது. ஒரு நாள் காலை கம்பெனிப் பெயர் வந்தது, விண்டோஸ் படம் தலைகாட்டியது, நீலத் திரை ஒன்று மின்னல்போல் வந்து மறைந்தது, மறுபடி முதலிலிருந்து. சில தடவை அப்படியே உறைந்தும் நின்றது.

முதலில் வந்த மெக்கானிக் பார்த்துவிட்டு, ‘விண்டோஸ் கரப்ட், ஃபார்மேட்’ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். நல்ல வேளையாக அன்று அவரிடம் எக்ஸ்.பி. சி.டி. இல்லை! மறுநாள் வந்தவர் சித்தூர்ப் பக்கத்து இளைஞர். தெலுங்கும் தமிழும் சரளம்.

“எல்லாம் போயிடுமா தம்பி? போன வாரம்கூட சங்கத்து உறுப்பினர் லிஸ்ட் அடிச்சு வச்சேன். வேற எங்கயும் காப்பி இல்லை” என்றார் கடைக்காரர்.

“மெஷினை அப்புறம் பார்ப்போம்ணே. முதல்ல உள்ளே இருக்கிறதை வெளியே எடுத்துடலாம்” என்றவர், டிஸ்கைக் கழற்றி ஒரு கேபிள் மூலம் தமது லாப்டாப்பில் மாட்டினார். கோப்புகள் எல்லாம் இருந்தன. கடைக்காரர் முகத்தில் உயிர் வந்தது. ஒன்றைத் திறந்து பார்த்தார்கள். மீண்டும் உயிர் போயிற்று! தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. ரோமன் எழுத்துக்களின் தலையில் கொம்பும் புள்ளியும் முளைத்ததுபோல் பக்கம் முழுதும் ஏதோ கிறுக்கல்.

“அழிஞ்சு போச்சா?”

“அழியலைண்ணே. எழுத்து வேற, அதுக்குப் போட்ட சட்டை வேற. சட்டை உங்க மெஷின்லயே இருக்கு.”

இந்த இடத்தைத் தமிழ் வாசகர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். 1990-களிலும் அதற்குப் பின்னும் தமிழ் எழுத்துருக்களை ஒவ்வொரு கம்பெனியும் தன் தன் முறையில் தயாரித்தது. ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்குரிய இடத்தில் ‘க’வை வைத்தார் ஒருவர், அதே இடத்தில் ‘ம’வை வைத்தார் மற்றவர். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற பொது முறைகள் வந்தன. 2010-இல் யூனிகோடையும் டேஸ்-16 என்ற முறையையும் தமிழக அரசு ஏற்றது. ஆனால் அதற்கு முன்பு அடித்தவை அடித்தவைதான். அந்தக் குறிப்பிட்ட எழுத்துரு யந்திரத்தில் இருந்தால்தான் அது தமிழ், இல்லாவிட்டால் கிறுக்கல். கோப்புகளை மட்டும் காப்பாற்றிக்கொண்டு விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ‘ஃபான்ட்ஸ்’ என்ற பகுதியை அழியவிட்டவர்கள், பூட்டை வைத்துக்கொண்டு சாவியைக் குப்பையில் போட்டவர்கள். சித்தூர் இளைஞர் அந்த எழுத்துருக்களையும் சேர்த்து நகல் எடுத்தார். லாப்டாப்பில் அவற்றைப் பொருத்தியதும் ‘ஸ்ரீராமஜெயம்’ என்று தொடங்கி அழைப்பிதழ் அழகாக எழுந்து நின்றது. இருபது ஆண்டு உழைப்பின் மொத்தக் கனம் ஒரு சாதாரண பென் டிரைவில் அடங்கிவிட்டது. இப்படிப்பட்ட பழைய தமிழை யூனிகோடுக்கு மாற்ற, சென்னை நியூ ஹொரைசன் மீடியா நிறுவனம் இலவசமாக வெளியிட்ட ‘என்.ஹெச்.எம். கன்வர்ட்டர்’ போன்ற சாதனங்கள் இருக்கின்றன.

பிறகுதான் யந்திரத்தின் முறை. பயாஸைத் திறந்ததும் தேதி 2009 ஜனவரி 1 என்று காட்டியது. பாட்டரி செத்துவிட்டது, பயாஸ் தன் பழைய ஏற்பாடுகளை மறந்து, தொழிற்சாலையில் வைத்த ஏற்பாட்டுக்குப் போய்விட்டது. ஹார்டு டிஸ்கோடு பேசுவதற்கு ஐ.டி.ஈ. என்றும் ஏ.ஹெச்.சி.ஐ. என்றும் இரண்டு முறைகள் உண்டு. எக்ஸ்.பி.யை ஏற்றியபோது ஐ.டி.ஈ. முறையில் ஏற்றியிருந்தார்கள். மறதிக்குப் பிறகு பயாஸ் ஏ.ஹெச்.சி.ஐ. முறையில் பேசத் தொடங்கியது. எக்ஸ்.பி.க்கு அந்தப் பாஷை புரியாது. ஆகவே டிஸ்க் எதிரிலேயே இருந்தும் கண்ணுக்குத் தெரியாமல் ‘7பி’ என்று முடியும் ஓர் எண்ணை நீலத் திரையில் காட்டிவிட்டு விழுந்தது. புதுப் பாட்டரி போட்டு, பயாஸில் முறையை மாற்றி, தேதியைத் திருத்தியதும் யந்திரம் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து வந்தது. ஃபார்மேட் செய்திருந்தால்? அத்தனையும் வாரிக்கொண்டு போயிருக்கும். பாட்டரியோ செத்தபடியே இருந்து, இன்னொரு நாள் மறுபடி இதே கூத்தை நடத்தியிருக்கும்.

டிஸ்கிலிருந்து ‘டிக்... டிக்...’ என்று சத்தம் வந்தால் மட்டும் இத்தனை நிதானத்துக்கு இடமில்லை. உடனே அணைத்துவிட வேண்டும். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதும், விண்டோஸின் டிஸ்க் பரிசோதனையை ஓட்டுவதும் சாகப்போகிறவரை மலையேறச் சொல்வதுபோல. முதலில் நகல், மற்றதெல்லாம் பிறகு.

கடைசியாகக் கண்டவன் திருடனா?

விண்டோஸ் படத்தில் நிற்கும் யந்திரங்களுக்கு சேஃப் மோடு என்ற வழி இருக்கிறது. எக்ஸ்.பி.யிலும் விண்டோஸ் 7-இலும் தொடக்கத்தில் எஃப்-8 பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தால் வரும். விண்டோஸ் 10-இல், எழும்போதே இரண்டு மூன்று தடவை பாதியில் அணைத்தால் வைத்தியப் பக்கம் தானாக வரும். சேஃப் மோடில் எழுந்துவிட்டால் யந்திரத்தின் உடம்பு பெரும்பாலும் சரி. சமீபத்தில் ஏற்றிய டிரைவரோ, ஆன்டி வைரஸோ, வேறு புரோகிராமோதான் வழி மறிக்கிறது.

எக்ஸ்.பி.யின் சேஃப் மோடில் ஒரு வேடிக்கை உண்டு. ஏற்றப்படும் கோப்புகளின் பெயர்கள் வரிசையாகத் திரையில் ஓடும். நோயுற்ற பல யந்திரங்களில் அந்த வரிசை ‘மப் டாட் சிஸ்’ என்ற பெயரில் வந்து நின்றுவிடும். உலகம் முழுதும் எத்தனையோ பேர் இந்த அப்பாவிக் கோப்பைக் குற்றவாளியாக்கி, அதை அழித்தார்கள், மாற்றினார்கள். பலன் பூஜ்யம்! ஏனென்றால் திரையில் நிற்பது வெற்றிகரமாக ஏறியதன் பெயர். கோளாறு அதற்கு அடுத்து வர வேண்டியதில். பல சமயம் அது ஒரு கார்டோ, யு.எஸ்.பி. கருவியோ, டிஸ்கோ. கொலை நடந்த இடத்தில் கடைசியாகக் கண்டவனைப் பிடித்து உள்ளே தள்ளிய கதைதான்.

எழும்போது உறைவது பழைய யந்திரங்களின் தனிச் சொத்தும் அல்ல. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம் நேரப்படி காலை 9 மணி 39 நிமிடத்துக்குக் கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் ஒரு சிறு கோப்பை உலகெங்கும் அனுப்பியது. அதில் பிழை. 78 நிமிடங்களில் திருத்திவிட்டார்கள் என்றாலும், அதற்குள் உலகம் முழுதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் யந்திரங்கள் நீலத் திரையோடு விழுந்தன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. விமான நிலையங்கள் தத்தளித்தன. நம் ஷம்ஷாபாத் விமான நிலையத்தில் பயணிக்குக் கையால் எழுதித் தந்த போர்டிங் பாஸின் படம் நாடெங்கும் சுற்றியது. அத்தனை பெரிய நோய்க்கும் அன்றைய முக்கிய மருந்து என்ன தெரியுமா? ஒவ்வொரு யந்திரத்தின் முன்னாலும் ஓர் ஆள் உட்கார்ந்து, சேஃப் மோடில் ஏற்றி, அந்த ஒரு கோப்பை அழிப்பது! திருத்தம் தயாராக இருந்தும், எழுந்து நிற்கவே முடியாத யந்திரத்துக்கு அதை அனுப்ப வழியில்லை.

எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-இல் கைவிரித்தது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. ஆதரவு போனதால் யந்திரம் எழாமல் போகாது. ஆனால் புதிய ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. எடை மேடையும் டி.டி.பி.யும் பழையதை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால், அவற்றின் இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கிவிடுவது நல்லது. பென் டிரைவ் வழியாக வரும் வைரஸுக்கும் ஒரு கண் வேண்டும்.

இனித் தேறாது என்று முடிவாகிப் பழைய சாமான்காரரிடம் போகும் யந்திரங்களும் இருக்கின்றன. எடைக்குப் போடுகிறவர்கள் டிஸ்கைக் கழற்றிக்கொள்ள மறந்துவிடுகிறார்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருந்தாக வேண்டும். அதிகாரி கேட்கும்போது ‘சிஸ்டம் செத்துவிட்டது’ என்ற பதில் செல்லாது. டிஸ்கைக் கழற்ற நான்கு திருகாணிகள்; ஐந்து நிமிட வேலை. டி.டி.பி. கடைக்காரர் இப்போது பென் டிரைவ் ஒன்றைக் கடையிலும், மற்றொன்றை வீட்டு பீரோவிலும் வைத்திருக்கிறார். புதுப் பாட்டரி போட்ட தேதியைச் சாக்பீஸால் யந்திரத்தின் பக்கவாட்டில் எழுதியிருக்கிறார்.